வெயிலில் மட்டும் தவறிய மெத்தனால் தெளிப்பு: ஒரு பழைய டர்போ காரின் நிகழ்வு ஆய்வு

ஹூஸ்டனில் ஒரு ஜூன் மாதம் தொடங்கி செப்டம்பர் வரை எங்களை அலைக்கழித்த ஒரு பழுதைப் பற்றிய பதிவு இது. இதில் இரண்டு பேர்தான்: காரின் சொந்தக்காரர், நான். அவர் எனக்குப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு வேலை ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், பம்புகளைப் பார்த்துக்கொள்வது. கார் வேலை வார இறுதியில் மட்டும்.

பின்னணி

கார் 1987-ஆம் ஆண்டு ப்யூயிக் கிராண்ட் நேஷனல். 3.8 லிட்டர் வி6 என்ஜின், டர்போ, அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர். கம்பெனியிலிருந்து வரும்போது 245 குதிரைத்திறன். அண்ணன் வாங்குவதற்கு முன்பே யாரோ பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர்கள், என்ஜின் கணினிக்கு மாற்றி எழுதிய சிப் எல்லாம் போட்டிருந்தார்கள். அதோடு சேர்ந்து வந்ததுதான் மெத்தனால் தெளிப்பு.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், தீப்பொறியில் கிளம்பிய சுடர் வந்து சேர்வதற்குள் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். இந்த என்ஜினில் அது நீடித்தால் முதலில் போவது ஹெட் கேஸ்கட், அப்புறம் பிஸ்டன். இதைத் தடுக்கத்தான் பூஸ்ட் (டர்போ கூட்டிக்கொடுக்கும் காற்றழுத்தம்) ஏறும்போது த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் மெத்தனாலைத் தெளிக்கிறோம். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாவதற்குச் சுமார் 1,100 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் எடுப்பது கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் உள்ளே போகும் காற்று நன்றாகக் குளிர்கிறது. மெத்தனாலுக்கு ஆக்டேனும், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனும், அதிகம்.

இந்தக் காரில் அமெரிக்கக் கணக்கில் 93 ஆக்டேன் பங்க் பெட்ரோலை வைத்துக்கொண்டு அண்ணன் 22 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) பூஸ்டில் ஓட்டுகிறார். மெத்தனால் இல்லாவிட்டால் 15-க்கு மேல் போகக்கூடாது. நடுவில் இருக்கும் அந்த 7 பி.எஸ்.ஐ. முழுக்க ஒரு சின்ன பம்பை நம்பித்தான் நிற்கிறது.

அமைப்பு இப்படி: என்ஜின் அறையின் இடது முன்மூலையில் ஒரு பிளாஸ்டிக் டேங்க். அதன் மேல்மட்டத்துக்கும் சற்று உயரத்தில், ரேடியேட்டரை ஒட்டிய தகட்டில் பம்ப். பம்பின் வெளியேறும் வாயிலேயே செக் வால்வு, அதாவது ஒருவழி வால்வு. அங்கிருந்து சுமார் 1.5 மீட்டர் நைலான் குழாய், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தாண்டி, டர்போவுக்குப் பக்கத்தில் போய், தெளிக்கும் முனையான நாசிலில் முடிகிறது. பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ. ஆனதும் கன்ட்ரோலர் பம்பை ஓட்டத் தொடங்கும். பூஸ்ட் ஏற ஏற வேகத்தைக் கூட்டும். பம்புக்கு மின்சாரம் போகும்போது டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரியும். டேங்கில் இருந்தது கலப்பில்லாத மெத்தனால்.

முதல் அறிகுறி

ஜூன் இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் அண்ணியும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தார்கள். திறந்தவெளியில் காரை நிறுத்தி, சாமி கும்பிட்டு, முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். வெளியே 38 டிகிரி. சாவியைத் திருப்பியபோது என்ஜின் உடனே பிடிக்கவில்லை. நிறைய சுற்றியபிறகு பிடித்தது. பத்து வினாடி உலுக்கியது, ஸ்பிரிட் வாடை அடித்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

பெல்ட்வே 8-இல் ஏறும் சரிவில் அண்ணன் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியிருக்கிறார். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்கேன் டிஸ்ப்ளேயில் நாக் ரிடார்ட் 7 டிகிரி காட்டியது. அதாவது நாக் சென்சார் தட்டலைக் கேட்டு, கணினி இக்னிஷன் டைமிங்கை 7 டிகிரி பின்னால் இழுத்திருக்கிறது. அண்ணன் உடனே காலை எடுத்துவிட்டார். எனக்குப் போன் வந்தது.

“தம்பி, மெத்தனால் லைட் நல்லா எரியுது. ஆனா ஏழு டிகிரி நாக் காட்டுது. வண்டிய ஓரமா நிறுத்திடட்டுமா?”

“வேண்டாம்ணே. காலை லேசா வச்சு வீட்டுக்கு வந்துடுங்க. பூஸ்ட் ஏறவே விடாதீங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு முறை, கொஞ்சமாக, அழுத்திப் பார்த்திருக்கிறார். நாக் பூஜ்யம். அந்த இரண்டாவது முயற்சியில்தான் விடை முழுதும் இருந்தது. எங்களுக்கு அப்போது அது தெரியவில்லை. “சூட்டுல ஒருதடவை வந்திருக்கும்” என்று விட்டுவிட்டோம்.

தவறான மூன்று வாரங்கள்

முதலில் பெட்ரோலைச் சந்தேகித்தோம். வேறு பங்கில் நிரப்பினோம். மாற்றம் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினோம். அதிலும் இல்லை.

அடுத்து செய்தது உண்மையிலேயே தவறான வேலை. நாக் வந்தால் மெத்தனால் போதவில்லை என்று அர்த்தம், கூட்டிவிடலாம் என்று நினைத்து, கன்ட்ரோலரின் திருகை 5-இலிருந்து 7-க்கு வைத்தோம். மறுநாள் காலை குளிரில் கார் முழு பூஸ்டில் மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் சென்சார் 850 மில்லிவோல்ட்டைத் தாண்டியது. கலவையில் எரிபொருள் அளவுக்கு மீறிப் போய்விட்டது. ஆனால் மதியம் கோயில் மாதிரியே நிறுத்தி எடுத்தபோது 6 டிகிரி நாக் மறுபடியும் வந்தது. ஒரே திருகு நிலையில் காலையில் மிதமிஞ்சிய தெளிப்பு, மதியத்தில் போதாத தெளிப்பு. அப்படியானால் அளவு பிரச்சினையே இல்லை. திருகை 5-க்கே திருப்பிவைத்தோம்.

அப்புறம் பம்பைச் சோதித்தோம். சனிக்கிழமை காலை 7 மணி, வெளியே 26 டிகிரி. நாசிலைக் கழற்றி, ஒரு அளவுக் குவளைக்குள் வைத்து, டேங்கில் தண்ணீர் ஊற்றி, சோதனைப் பொத்தானை 10 வினாடி அழுத்தினோம். 140 மில்லி வந்தது. கூம்பு மாதிரி அழகான தெளிப்பு, விட்டுவிட்டு வரவில்லை. மூன்று முறை செய்தோம், மூன்றும் ஒரே அளவு. “பம்ப் நல்லா இருக்கு” என்று முடிவு கட்டினோம்.

தண்ணீரை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் பாதுகாப்பு. மெத்தனாலின் ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, 11, 12 டிகிரிதான். ஹூஸ்டன் கோடையில் அது எந்த நேரமும் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மெத்தனாலில் ஓடிய ரிக் மியர்ஸின் கார் எரிபொருள் நிரப்பும் பிட்டில் பற்றிக்கொண்டபோது, எரிவது தெரியாமலேயே ஆட்கள் துடித்தார்கள். அதனால் சூடான டர்போ பக்கத்தில் குவளை பிடித்து மெத்தனால் தெளிப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம். அந்த முடிவு சரிதான். ஆனால் காலைக் குளிரில் தண்ணீரை வைத்துப் பார்த்த சோதனை, மதிய வெயிலில் மெத்தனால் என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது என்பதை உணராமல் இருந்தது எங்கள் பிழை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மெத்தனால் 65 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும்.

ஆலையில் ஒரு பம்ப் இப்படி மதியத்தில் மட்டும் தகராறு செய்திருந்தால், முதல் நாளே உறிஞ்சும் பக்கத்தில் என்ன வெப்பநிலை, அந்தத் திரவம் எங்கே கொதிக்கும் என்று கேட்டிருப்பேன். வீட்டு வாசலில் நின்ற காரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மூன்று வாரம் ஆனது.

குறிப்பு நோட்டு

ஜூலை தொடக்கத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, காரணம் தெரியும்வரை பூஸ்டை 15-க்கு இறக்குவது. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவின் கம்பியைத் திருகி நீளமாக்கினோம். பூஸ்டை ஏற்றிக்கொடுக்கும் சோலனாய்டு என்ற மின்வால்வின் இணைப்பைக் கழற்றினோம். இனி மெத்தனால் வராவிட்டாலும் என்ஜினுக்கு ஆபத்து இல்லை. இரண்டு, பழைய சம்பவங்களை நினைவிலிருந்து பேசாமல் எழுதி வைப்பது.

அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். நாள், நேரம், வெளி வெப்பநிலை, கார் எவ்வளவு நேரம் நின்றது, நின்றபின் ஆக்சிலரேட்டரின் எத்தனையாவது முழு அழுத்தல், நாக் எவ்வளவு. ஜூன் மாதச் சம்பவங்களையும் டிஸ்ப்ளேயைப் படமெடுத்த போன் படங்களின் நேரத்தை வைத்து நிரப்பினார். மொத்தம் 11 வரிகள். அதில் நாக் வந்தவை 4.

அந்த நான்கும் நின்றபின் வந்த முதல் அழுத்தல். நான்கிலும் கார் 20 நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில் நின்றிருந்தது. அதே மதியம், அதே 38 டிகிரி, ஆனால் மூன்று மணி நேரம் நின்ற பிறகு எடுத்தால் நாக் இல்லை. அப்படியானால் வெளி வெயில் மட்டும் காரணமில்லை. என்ஜினை அணைத்ததும் ஃபேன் நிற்கிறது, காற்றோட்டம் நிற்கிறது, ஆனால் டர்போவும் ரேடியேட்டரும் தங்கள் சூட்டைச் சுற்றியிருப்பவற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. அணைத்த பிறகுதான் என்ஜின் அறை அதிகமாகச் சூடாகும். அப்புறம் மெல்ல ஆறும். இந்த ஊறும் சூடுதான் எங்கள் ஆள்.

அளந்து பார்த்தது

அந்த ஞாயிறு 40 நிமிடம் ஓட்டி, வீட்டு வாசலில் நிறுத்தி, பானெட்டை மூடிவைத்தோம். 25 நிமிடம் கழித்துத் திறந்து அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொன்றாகச் சுட்டினேன். டேங்க் 48 டிகிரி. பம்பின் உடல் 66. நைலான் குழாய் டர்போவைத் தாண்டும் இடத்தில் 79. நாசிலின் பித்தளை 90-க்கு மேல்.

குழாயில் காதை வைத்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். உள்ளே மெல்லிய குமிழிச் சத்தம். பம்ப் ஓடவில்லை, என்ஜின் ஓடவில்லை, ஆனால் குழாயில் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. செக் வால்வு பம்ப் பக்கம் இருந்ததால், அதற்குப் பிறகு உள்ள 1.5 மீட்டர் குழாயும் நாசில் வழியாகக் காற்றுக்குத் திறந்தே கிடந்தது. அதில் இருந்த மெத்தனால் கொதித்து, தன்னைத்தானே நாசில் வழியாக என்ஜினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் என்ஜின் உடனே பிடிக்காததும் ஸ்பிரிட் வாடையும் ஏன் என்று அங்கேயே புரிந்துவிட்டது. குழாயின் உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டேன்: ஏறக்குறைய 22 மில்லி. ஒரு மேசைக்கரண்டிக்கும் அதிகமான மெத்தனால், அணைத்து வைத்த என்ஜினுக்குள் வடிந்திருக்கிறது.

ஆனால் காலிக் குழாய் மட்டும் 7 டிகிரி நாக்கை விளக்காது. காலிக் குழாயில் நாசிலின் தடை இருக்காது, அதனால் பம்ப் நன்றாக இருந்தால் 22 மில்லியை ஒரு வினாடிக்குள் நிரப்பிவிடும். பூஸ்ட் 8-இலிருந்து 22-க்கு ஏறவும் அவ்வளவு நேரம் ஆகும். வேறு ஏதோ சேர்ந்திருக்க வேண்டும்.

அதற்கு அழுத்தம் பார்க்க வேண்டியிருந்தது. நாசிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளை போட்டு, மின்சார சென்சார் பொருத்தி, மீட்டரை விண்ட்ஷீல்டின் ஓரத்தில் ஒட்டினோம். மீட்டரையும் பூஸ்ட் முள்ளையும் ஒரே போனில் படம் பிடிக்கலாம். சோதனையை ரோட்டில் வைக்கவில்லை. ஒரு டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டு வேகப் பந்தயத் தடம்) பயிற்சி இரவுக்குப் பணம் கட்டிப் போனோம். வரிசையில் என்ஜினை அணைத்துக் காத்திருப்பதே நமக்கு வேண்டிய சூட்டைத் தந்துவிடும். 15 பி.எஸ்.ஐ. பூஸ்டில்தான் ஓட்டினோம். தெளிப்பு வராவிட்டாலும் பாதகமில்லை.

இரவு முழுக்க ஓடிய படங்களை மறுநாள் அண்ணன் வீட்டு மேசையில் நிதானமாக ஓட்டிப் பார்த்தோம். 25 நிமிடம் ஊறிய பிறகு முதல் ஓட்டம்: பம்ப் விளக்கு எரிகிறது, அழுத்த மீட்டரின் முள் 20-க்கும் 30 பி.எஸ்.ஐ.-க்கும் நடுவில் துடிக்கிறது, இரண்டரை வினாடி கழித்துத்தான் 110-க்கு ஏறுகிறது. உடனே திரும்பி வந்து ஓடிய இரண்டாவது ஓட்டம்: அரை வினாடிக்குள் 120. மறுநாள் காலை ஆறிய காரில் எடுத்தது முக்கால் வினாடி. காலையில் முக்கால் வினாடி ஆவதை அன்று சரியென்றே எடுத்துக்கொண்டோம். அதுவும் காலிக் குழாயின் அடையாளம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

துடிக்கும் முள்ளுக்கு அர்த்தம் எனக்கு வேலையிலிருந்தே தெரியும். பம்ப் திரவத்தை இறைக்கவில்லை, ஆவியை மென்றுகொண்டிருந்தது. ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் அதன் மேலிருக்கும் அழுத்தத்தை எட்டினால் அது கொதித்துவிடும். 25 டிகிரியில் மெத்தனாலின் ஆவி அழுத்தம் சுமார் 17 கிலோபாஸ்கல். 60 டிகிரியில் 84. வெளிக்காற்றின் அழுத்தமே 101-தான். டேங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பம்ப், ஒரு ஃபில்டர் வழியாக மேல்நோக்கி உறிஞ்சும்போது அங்கே அழுத்தம் இன்னும் கீழே போகிறது. 66 டிகிரியில் பம்புக்குள் இருந்த கொஞ்ச நஞ்ச மெத்தனாலும் ஆவிதான். டேங்கிலிருந்து ஆறிய திரவம் வந்து பம்பைக் குளிரவைக்கும்வரை தெளிப்பு வராது. வந்துவிட்டால் அடுத்த அழுத்தலில் எல்லாம் சரியாக இருக்கும். கோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணன் பார்த்த அந்தப் பூஜ்யம் அதுதான்.

ஆக, காரணம் இரண்டு: காலியாகும் குழாய், ஆவியால் அடைபடும் பம்ப். பச்சை விளக்கு இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. அது மின்சாரம் போவதை மட்டுமே சொல்லும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தண்ணீர் பாதி கலந்த மெத்தனாலுக்கு மாறலாமா என்று யோசித்தோம். அதன் கொதிநிலை 75-க்கும் 80-க்கும் இடையில், அதனால் பம்புக்கு நல்லது. ஆனால் குழாயில் நாங்கள் அளந்தது 79. அதோடு இந்தக் காரின் சிப் மெத்தனாலையும் எரிபொருளாகக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. பாதியைத் தண்ணீராக்கினால் முழு பூஸ்டில் எரிபொருள் குறையும். குழாய் வேலையில் தீர்க்க வேண்டியதை டியூனிங்கில் தீர்க்கப் போனால் புதிதாக ஒரு பிரச்சினை கிளம்பும். வேண்டாம் என்று விட்டோம்.

டேங்கைப் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனால் சூடே இருக்காது என்று சிலர் சொன்னார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் நீளமான குழாய் வேண்டும், காற்றுப்போக்கும் உலோகப் பெட்டியும் இல்லாமல் பயணிகள் அறைக்கு அருகில் மெத்தனால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும் விஷம். அந்தக் காரில் அண்ணி உட்கார்ந்து வருகிறார்.

அதனால் இரண்டு வேலை, ஒவ்வொன்றாக. ஒன்றாகச் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

முதல் வேலை, செக் வால்வை நாசிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. 20 பி.எஸ்.ஐ.-க்கு மேல்தான் திறக்கும் ஸ்பிரிங் வைத்தது. குழாயில் அடைபட்ட மெத்தனால் 75 டிகிரிக்குச் சூடானாலும் அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிட 7 பி.எஸ்.ஐ.-தான் கூடுதலாக இருக்கும், வால்வு திறக்காது.  நாசிலுக்குக் கிடைக்கும் அழுத்தத்தில் கொஞ்சம் போகும், அதை ஏற்றுக்கொண்டோம். குழாயையும் டர்போவை விட்டு விலக்கி, வெப்பக் காப்பு உறை போட்டோம்.

இந்த வேலைக்காக பம்பின் வாயைக் கழற்றியபோது, அதிலிருந்த அலுமினிய இணைப்புக்குள் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கையுறை போட்ட விரலால் தேய்த்தால் ஈரச் சுண்ணாம்பு மாதிரி இழுத்தது. மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும் என்று தெரிந்தும் யாரோ போட்டது. கொஞ்சம் உதிர்ந்து போனாலும் நாசிலை அடைத்திருக்கும். எவர்சில்வர் இணைப்பு போட்டோம். நாங்கள் தேடிய பழுது இது இல்லை, ஆனால் அடுத்த கோடையில் தேட வேண்டியிருந்திருக்கும்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு ஸ்பிரிட் வாடை போய்விட்டது. சூட்டில் என்ஜின் உடனே பிடித்தது. ஆனால் அழுத்தம் ஏற இன்னும் ஒன்றேகால் வினாடி ஆனது, முள்ளும் துடித்தது. பாதிதான் தீர்ந்திருக்கிறது.

இரண்டாவது வேலை, பம்பை இடம் மாற்றியது. முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே ஓர் இடம் இருந்தது. அங்கே வெளிக்காற்றின் சூடுதான். திரவமும் உறிஞ்சாமலேயே பம்புக்கு இறங்கிவரும். உறிஞ்சும் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் போட்டோம். பம்புக்கு பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்தோம். ஏசியும் ஃபேனும் ஓடும்போது பழைய வயரில் பம்புக்கு 11.4 வோல்ட்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

பாதுகாப்புப் பூட்டு

இதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடித்தேன். அண்ணனுக்கு முதலில் இது தேவையில்லாத செலவாகத் தெரிந்தது.

டர்போ காரில் மெத்தனால் தெளிப்பு புதிதில்லை. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், சிலிண்டரே கலவையை அதிகமாக அழுத்தும் 10.25:1 அழுத்த விகிதத்தோடு டர்போவும் வைத்திருந்தது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துத்தான் அது பிழைத்தது. டேங்க் காலியானால் பூஸ்டை ஏறவிடாமல் தடுக்க அதில் ஒரு வால்வும் இருந்தது. திரவம் வரும் என்று அதைச் செய்தவர்கள் நம்பிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் காரில் அந்த நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

நாங்கள் செய்தது எளிமையானது. நாசிலுக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் சுவிட்ச். அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. ஆனால்தான் அது மூடும். பூஸ்ட் சோலனாய்டுக்குப் போகும் மின்சாரத்தை அதன் வழியாக விட்டோம். இந்தக் காரில் சோலனாய்டுக்கு மின்சாரம் இல்லையென்றால் வேஸ்ட்கேட் பூஸ்டை அடிநிலையில் பிடித்துக்கொள்ளும். அடிநிலையை 15-இல் வைத்தோம். இனி தெளிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பூஸ்ட் 15-ஐத் தாண்டும். தெளிப்பு வருகிறது என்று எண்ணி ஏறிவிட்டு, இல்லையென்று தெரிந்தபின் இறங்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. பூஸ்ட் இறங்கவும் நேரம் ஆகும், நாக்கிங்குக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். பச்சை விளக்கையும் பம்பின் வயரிலிருந்து கழற்றி இந்தச் சுவிட்சில் கொடுத்துவிட்டோம்.

விளைவு

செப்டம்பர் முதல் வாரம் மறுபடியும் அதே ஸ்ட்ரிப். மாலை 6 மணிக்கும் 36 டிகிரி இருந்தது. முதலில் 15 பி.எஸ்.ஐ.-யிலேயே ஓட்டினோம். 30 நிமிடம் பானெட்டை மூடி ஊறவிட்டு எடுத்தோம். பம்பின் உடல் 43 டிகிரி. அழுத்தம் 0.3 வினாடியில் 115-ஐத் தொட்டது, துடிப்பு இல்லை. ஆறிய நிலையிலும் அதே 0.3. அப்போதுதான் பழைய முக்கால் வினாடியும் பழுதின் பகுதி என்று தெரிந்தது.

அப்புறம் சோலனாய்டை இணைத்து 18, அடுத்து 22. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அரை மணி நேரம் ஊறவைத்தோம். நாக் பூஜ்யம். இறுதியாக, இடைவெளி விடாமல் மூன்று ஓட்டங்கள். மூன்றாவதில், மூன்றாம் கியரின் கடைசியில், 1.5 டிகிரி நாக் காட்டியது. அழுத்த மீட்டர் 118-இல் ஆடாமல் நின்றது. அதனால் இது மெத்தனால் பிரச்சினை இல்லை. இந்தக் காரின் இன்டர்கூலர் என்ஜின் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் அதுவே சூட்டில் ஊறிவிடும். அதைச் சரிசெய்ய நினைக்கவில்லை. ஓட்டங்களுக்கு நடுவே 20 நிமிடம் விடுவது என்று முடிவு செய்தோம்.

பூட்டையும் சோதித்தோம். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு முழுதாக அழுத்தினோம். பூஸ்ட் 15-இல் நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரியவில்லை. அண்ணன் திரும்பிவந்து, “இந்தச் செலவுதான் தம்பி முதல்ல பண்ணிருக்கணும்” என்றார்.

என்ஜினுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கம்ப்ரெஷன் சோதனை செய்தோம், சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்தோம். ஆறு சிலிண்டர்களும் நன்றாக இருந்தன. ஜூனில் நான்கு முறையும் அண்ணன் டிஸ்ப்ளேயைப் பார்த்து உடனே காலை எடுத்ததுதான் காரணம்.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாக் வந்த அன்றே பூஸ்டை இறக்கியிருப்பேன். மூன்று வாரம் 22-லேயே விட்டுவைத்ததற்குச் சமாதானம் எதுவும் இல்லை. நோட்டும் அன்றே தொடங்கியிருக்க வேண்டும். பழைய நேரங்களைப் போன் படங்களிலிருந்து தேடிப் பிடிக்கும் நிலை வந்திருக்காது.

திருகைத் தொட்டிருக்க மாட்டேன். எங்கே தவறுகிறது என்று தெரியாதபோது அளவைக் கூட்டியதால் ஒரு பழுது இரண்டாகத் தெரிந்தது, ஒரு வாரம் போனது.

தண்ணீர்ச் சோதனையை இப்போதும் செய்வேன், நாசில் அடைந்திருக்கிறதா, தெளிப்பின் வடிவம் சரியா என்று பார்க்க மட்டும். சூட்டில் வரும் பழுதுக்கு அழுத்த மீட்டர்தான். அதைப் பொருத்த ஆன நேரம் ஒரு மதியம்.

பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கும் எந்தக் காரையும் இப்போது கோடைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். அரை மணி நேரம் ஓட்டி, பானெட்டை மூடி 25 நிமிடம் விட்டு, பம்பையும் குழாயையும் அளந்தால் போதும். 60 டிகிரியைத் தாண்டினால் கலப்பில்லாத மெத்தனாலுக்கு அது சரியான இடம் இல்லை.

அழுத்த மீட்டரைக் கழற்றவில்லை. விண்ட்ஷீல்டின் ஓரத்திலிருந்து எடுத்து, அண்ணன் அதை டேஷ்போர்டில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார். அக்டோபரில் நவராத்திரிக்கு அதே கோயில், அதே திறந்தவெளி. ஒன்றரை மணி நேரம் நிறுத்தி எடுத்திருக்கிறார். உடனே பிடித்தது, வாடை இல்லை. பெல்ட்வேயில் ஏறும்போது முள் 115-க்குப் போனதை அண்ணியே பார்த்து எனக்குச் சொன்னார்.